கவட்டில் துடிக்கும் நாடி

வெள்ளவத்தை மாமாவுக்கு இதய நாடிகளைப் படம்பிடிக்கும் அஞ்சியோகிராம் முடிந்து குழாயை உருவியதும், தாதி மிஸ் அவருடைய வலது கவட்டில் மூன்று விரலை ஊன்றினார். கால் மணித்தியாலமாகியும் கையை எடுக்கவில்லை.

"சோதினை இதயத்துக்குத்தானே மிஸ், ஏன் கவட்டைப் போட்டு நசிக்கிறீங்கள்?"

"காலை மடக்காமல் படுங்கோ ஐயா."

மாமாவின் கேள்வி ஞாயமானதுதான். ஆனால் அவருடைய இதயத்துக்குக் குழாய் விட்டது கவட்டிலுள்ள தொடை நாடி வழியாகத்தான். நாடி என்றால் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். வயிற்றுப் பெருநாடி தொப்புள் மட்டத்தில் இரண்டாகக் கிளைத்து, காலுக்கொன்றாக இறங்குகிறது. வயிறும் தொடையும் சந்திக்கும் இடத்திலுள்ள நார்ப்பட்டையான கவட்டு இணையத்தைத் தாண்டிய பிறகுதான் அதற்குத் தொடை நாடி என்று பெயர். ஏறத்தாழச் சுண்டுவிரல் தடிப்பு. உட்பக்கத்தில் இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம், வெளிப்பக்கத்தில் நரம்பு. முன்னால் தோலும் கொழுப்பும் மெல்லிய சவ்வும் மட்டுமே. பின்னால் தொடையெலும்பின் உருண்டைத் தலை. ஊசி ஏற்றவும் லேசு, எலும்போடு சேர்த்து அமத்தி இரத்தத்தை நிறுத்தவும் லேசு. இணையத்துக்கு மேலே குத்துப்பட்டால் அமத்த எலும்பு கிடைக்காது. இரத்தம் வயிற்றின் பின்புறத்தில் சத்தமில்லாமல் தேங்கும்.

இணையத்துக்கு 3–4 சென்ரிமீற்றர் கீழே ஆழ்தொடை நாடி பிரிகிறது. தொடைத் தசைகளுக்குப் பெரும்பாலும் சோறு போடுவது அதுதான்: ஹோல்டுக்கு ஹோல்ட் நிற்கும் 100 ஆம் இலக்க பஸ் மாதிரி. தொடர்ந்து இறங்கும் தொடை நாடி எக்ஸ்பிரஸ். தொடையில் அதிகம் நிற்காமல், தசைகளுக்கிடையே ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, முழங்காலின் பின்புறம் வெளிவந்து பெயரையும் மாற்றிக்கொள்கிறது.

அந்தச் சுரங்கத்துக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹன்டரின் பெயர். 1785 இல் லண்டனில் ஒரு குதிரைவண்டிக்காரருக்கு முழங்காலின் பின்னால் நாடி பலூன்போல வீங்கியிருந்தது. அந்தக் காலத்தில் பலருக்குக் காலையே வெட்டிவிடுவார்கள். ஹன்டரோ சுரங்கத்துக்குள் நாடியைக் கட்டிவிட்டார். ஆழ்தொடை நாடியின் கிளைகள் முழங்காலைச் சுற்றிய சிறு நாடிகளோடு இணைந்து மாற்றுப்பாதையாக, கால் பிழைத்தது. ஆறு கிழமையில் மனிதர் வீடு போனார்.

கொழுப்புப் படிந்து நாடி அடைபடுவதும் அதிகம் அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியேறும் வாசலில்தான், குறிப்பாகப் புகைப்பவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கும், நின்றால் விடும்.

கையை எடுத்த மிஸ் மாமாவின் புறங்காலில் துடிப்பைத் தேடினார். கொஞ்ச நேரம் தேடினார்.

"நடக்கேக்கை கெண்டைக்கால் இறுக்குமா ஐயா?"

"சீச்சீ, இல்லை."

"காலி வீதியில கடைக்குக் கடை நிக்கிறார் மிஸ்," என்றார் மாமி. "கேட்டால் விலை பாக்கிறாராம்."