டேப்லெட்டில் எழுதிய ஸ்கோர் செயலிக்குள்ளேயே கிடக்கக் கூடாது

வாத்தியக் குழுக்களுக்கு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் இசையும் சேர்ந்த குறிப்பு) எழுதுவதும், அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பார்ட்டைப் பிரித்துக் கொடுப்பதும் என் தொழில். என்னிடம் வரும் இளம் இசையமைப்பாளர்களில் பலர் காகிதத்தை விட்டு டேப்லெட்டுக்கு வந்துவிட்டார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம் இது. 2015-இல் சர்ஃபேஸ் கணினிகளுக்கும் 2020-இல் ஐபேடுக்கும் வந்த ஸ்டாஃப்பேட் என்ற ஸ்கோர் எழுதும் செயலியில், ஒரு பாரை, அதாவது இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியை, பேனாவால் எழுதி முடித்து நகர்ந்தால் கையெழுத்து அச்சாக மாறிவிடுகிறது. மவுஸால் நோட்டு நோட்டாக (ஸ்வரம் ஸ்வரமாக) வைப்பதைவிட, மனதில் ஓடும் மெட்டை இப்படிப் பிடிப்பது எளிது.

மாறியதும் அந்த பாரை உடனே வாசித்துவிடுங்கள். ஒரு புள்ளி நோட்டின் தலைக்கு மேலே விழுந்தால் நோட்டைக் கத்தரித்து வாசிக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் அதன் காலம் ஒன்றரை மடங்கு. காகிதத்தில் புள்ளி சற்று விலகினாலும் அனுபவமுள்ள வயலின்காரர் புரிந்துகொள்வார். செயலியோ தவறாகப் படித்ததையும் அழகாக அச்சிட்டுக் காட்டும். அந்த அழகில் பிழை கண்ணில் படாது.

ராகங்களை எழுதுவோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மேற்கத்திய சி ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்தால் மாயாமாளவகௌளை ராகத்தில் ரி, த இரண்டு மட்டுமே ஃபிளாட், அதாவது அரைப்படி இறங்கியவை. வழக்கமான கீ சிக்னேச்சர்களில் (வரியின் தொடக்கத்தில் போட்டால் முழுவதற்கும் பொருந்தும் குறிகளில்) இந்த ஜோடி தனியாக வருவதில்லை. ஒவ்வொரு பாரிலும் ஃபிளாட் குறியைப் புதிதாகப் போட வேண்டும். ரி-யின் குறிகள் விட்டுப்போனால் வாசிப்பவர் கையில் சரசாங்கி என்ற வேறு ராகம் ஒலிக்கும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தையோ ஸ்கோரின் ஐந்து கோடுகளுக்குள் அடக்க முடியாது. பாடிப் பதிவுசெய்த ஒலியையும் பார்ட்டுடன் அனுப்புவதே என் வழக்கம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, பலர் வருடக்கணக்கான உழைப்பை ஒரே செயலிக்குள் வைத்திருப்பதுதான். 1988 முதல் உலகெங்கும் புழங்கிய ஃபினாலே என்ற ஸ்கோர் எழுதும் மென்பொருளின் மேம்பாட்டை நிறுத்துவதாக அதன் நிறுவனமே 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அதிலேயே எழுதிவந்தவர்கள் பழைய கோப்புகளையெல்லாம் வேறு ஸ்கோர் மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்ற ஓட வேண்டியதாயிற்று. அவ்வளவு வேரூன்றிய மென்பொருளுக்கே இந்த நிலை.

ஆகவே ஒவ்வொரு பாடல் முடிந்ததும் மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் இரண்டையும் எடுத்து டேப்லெட்டுக்கு வெளியே சேமியுங்கள். முதலாவது வேறு மென்பொருளில் திருத்தப் பயன்படும். இரண்டாவது பக்கத்தை உள்ளபடி காட்டும். மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பை இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்கோர் என்ற ஸ்கோர் மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்லர்களும் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடுகளும்) வயலின் வில்லுக்கான குறிகளும் சில சமயம் இடம் மாறியோ விடுபட்டோ வருகின்றன. பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அங்கேயே சரிசெய்துவிடலாம்.