ஆண் மூளை, பெண் மூளை: வகுத்துப் பார்ப்பதில் வரும் பிழை

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆண் மூளை நூறு கிராமுக்கு மேல் கனம் கூடுதல் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பிளஸ் டூ படிக்கும் என் மகளிடம் அதைக் காட்டி, 'உனக்கெதற்கு கணக்கு குரூப்?' என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். அந்தச் செய்தி உண்மையா?"

எடை உண்மைதான். வளர்ந்த ஆணின் மூளை சராசரியாக 1,300 கிராமைத் தாண்டும்; பெண்ணின் மூளை 1,200 கிராமை ஒட்டி நிற்கும். ஏறத்தாழ 10 சதவீத வித்தியாசம். இதயமும் நுரையீரலும்கூட ஆணுடலில் சராசரியாகப் பெரியவையே. ஆனால் உறவுக்காரர்களின் முடிவு இந்த எடையிலிருந்து வராது. நுண்ணறிவுத் தேர்வுகளில் ஆண், பெண் சராசரி மதிப்பெண்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'பெண் புத்தி பின் புத்தி' என்பதற்கு நரம்பியல் எந்தச் சான்றும் தரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்வது அநியாயம்.

ஆய்வாளர்களைப் படுத்தும் கேள்வி வேறு. மொத்த அளவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மூளையின் உட்பகுதிகளில் வித்தியாசம் மிஞ்சுகிறதா? எளிய வழி என்று பலரும் செய்தது, ஒவ்வொரு பகுதியின் கன அளவையும் மொத்த மூளையின் கன அளவால் வகுப்பது. வகுத்த பிறகு அமிக்டலா (அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதி) இவர்களுக்குப் பெரிது, ஹிப்போகாம்பஸ் (நினைவோடு தொடர்புள்ள பகுதி) அவர்களுக்குப் பெரிது என்று கட்டுரைகள் வந்தன. கோளாறு அந்த வகுத்தலிலேயே இருக்கிறது.

கடலூர் முதுநகரில் இருபது வீடுள்ள ஒரு தெருவுக்குக் கேபிள் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். தெரு நாற்பது வீடாக வளர்ந்தால் இணைப்புகள் மட்டுமா இரண்டு மடங்காகும்? கடைசி வீடு தள்ளிப் போய்விட்டதால் ஒவ்வொரு இணைப்பின் சராசரி நீளமும் கூடும். ஆகவே கேபிள் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். மூளையிலும் இதேதான். நரம்பணு உடல்கள் நிறைந்த சாம்பல் பகுதிதான் வீடுகள். அவற்றை இணைக்கும் நரம்பிழைகளாலான வெண்பகுதி, கேபிள். மூளை பெரிதாகும்போது வெண்பகுதி அதைவிட வேகமாக வளர்கிறது, சாம்பல் பகுதி சற்றே பின்தங்குகிறது. உள்ளே புதைந்த சிறு பகுதிகள் பலவும் இப்படிப் பின்தங்குபவையே. இது ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து வருவதில்லை. பெரிய தலை கொண்ட பெண்ணின் மூளையிலும் இப்படித்தான்.

இப்போது கணக்கு. ஒரு பகுதி, மொத்த அளவின் 0.8 அடுக்குப்படி, அதாவது மொத்தத்தைவிடச் சற்று மெதுவாக வளர்கிறது என்று கொள்வோம். மொத்தம் 10 சதவீதம் கூடினால் (1.1) அந்தப் பகுதி 1.079 மடங்குதான் ஆகும். 1.079ஐ 1.1ஆல் வகுத்தால் 0.981. ஏறத்தாழ 2 சதவீதக் 'குறைவு' தெரிகிறது! மூளை அளவில் இதே 10 சதவீதம் வேறுபட்ட இரண்டு ஆண்களை ஒப்பிட்டிருந்தாலும் இதே குறைவு வந்திருக்கும். பாலின வித்தியாசம் என்று அச்சேறியவற்றில் பல, இப்படித் தலையின் அளவு போட்ட நிழல்கள்.

சரியான வழி இது: முதலில் மண்டையோட்டின் உட்கன அளவை எடுக்க வேண்டும். வயதானால் மூளை சுருங்கும், மண்டையோடு சுருங்காது. பிறகு அந்த அளவுக்கும் பகுதியின் அளவுக்கும் மடக்கை (லாக்) எடுத்து வரைபடத்தில் புள்ளிகளாக இட்டு, ஆண்களுக்கு ஒரு கோடு, பெண்களுக்கு ஒரு கோடு பொருத்த வேண்டும். ஒரே மண்டை அளவில் ஒரு கோடு மற்றதற்கு மேலே நின்றால்தான் அது பாலினத்தோடு தொடர்புள்ள வித்தியாசம். மற்றொரு வழி, ஒரே மண்டை அளவுள்ள ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்து ஒப்பிடுவது. ஆனால் ஜோடி கிடைக்காதவர்கள் கழிந்துபோவார்கள். தொடக்கத்திலேயே நிறையப் பேர் வேண்டும். 1982இல், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றையான கார்ப்பஸ் கலோசத்தின் பின்முனை பெண்களுக்குப் பருமன் என்று பரபரப்பாக வந்த ஆய்வில் இருந்தவை 14 மூளைகள். 1997இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. பிரிட்டன் மக்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டும் யூகே பயோபேங்க் தரவை வைத்து 2018இல் வந்த ஆய்வில் 5,216 பேர் இருந்தார்கள்.

படம் எடுப்பதிலும் தவறு நுழையும். எம்ஆர்ஐயில் ஒரு கன மில்லிமீட்டர் துண்டுகளாகப் படம் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் தலை லேசாக அசைந்தால் சாம்பல், வெண்பகுதி எல்லை மங்கி, புறணி (மூளையின் வெளிப்புறச் சாம்பல் அடுக்கு) உள்ளதைவிட மெல்லியதாக அளவாகும். ஒரு குழு மற்றதைவிட அதிகம் நெளிந்தால் அந்த நெளிவே 'மூளை வித்தியாசம்' ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தால் மிஞ்சுவது சிறிது. ஹிப்போகாம்பஸ், அமிக்டலா இரண்டிலும் வித்தியாசம் ஏறக்குறைய மறைகிறது. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை, மூளைக்கு மூளை காணும் வேறுபாட்டில் பாலினத்தின் பங்கு சுமார் 1 சதவீதம் என்று மதிப்பிட்டது. அதற்காக எங்குமே வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஒரு குட்டி நரம்பணுத் திரள் ஆண்களில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கிறது. அதன் அளவு ஒரு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்! வழக்கமான எம்ஆர்ஐயின் ஒரு துண்டுக்குள் அது காணாமல் போய்விடும். தானமாகக் கிடைத்த மூளையைச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில்தான் அளக்க முடியும். 1995 முதல் பெங்களூரு நிம்ஹான்ஸில் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்), தானமாகும் மூளைகளைச் சேமிக்கும் மூளை வங்கி இருக்கிறது. இப்படிப்பட்ட வங்கிகள் இன்னும் வேண்டும்.

மூளை வங்கிகளுக்கும், நம் மக்களின் மூளைப் படங்களைத் திரட்டுவதற்கும் பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலகெங்கும் மூளைப் படங்களைப் பொருத்திப் பார்க்கும் மாதிரி அச்சு, கனடாவின் மான்ட்ரியலில் 152 பேரின் மூளைகளைச் சராசரியாக்கியது. ஹைதராபாத் ஐஐஐடி 100 இந்திய மூளைகளை வைத்து வரைபடம் உருவாக்கியபோது, நம் சராசரி மூளை அதைவிடச் சிறிதாக இருந்தது. பொருந்தாத அச்சில் இழுத்துப் பொருத்தினால் எல்லைகள் பிசகும், அளவுப் பிழை மறுபடி உள்ளே வரும். புதுச்சேரி ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனைகளில், மூளையில் கோளாறில்லை என்று தெரிந்தவர்களின் படங்களை ஒப்புதலோடு, பெயர் நீக்கி, உயரம், வயது, மண்டை அளவு ஆகியவற்றைக் குறித்துச் சேர்க்கத் தொடங்கினால், ஒரே மண்டை அளவுள்ள ஆண், பெண் ஜோடிகளைக் கடலூர், புதுச்சேரி மக்களிடமிருந்தே எடுக்கலாம்.