வலி நின்றுவிட்டது, கல் போய்விட்டதா?

போன சித்திரையில் பாலக்கோடு பக்கமிருந்து ஒரு தக்காளி விவசாயி வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வந்தது வயிற்று எரிச்சலுக்கு. ஸ்கேன் எடுத்தால் இடது சிறுநீரகம் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. சதை ஓரத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சிறுநீர்க் குழாயில் 9 மில்லிமீட்டர் கல் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"போன வருசமே கல்லுன்னு சொன்னாங்க சார். வாழைத்தண்டு சாறு குடிச்சேன், ஒரே வாரத்துல வலி நின்னுடுச்சு. கரைஞ்சுடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார்.

சிறுநீரகவியல் மருத்துவராக தருமபுரியில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வலி ஏன் வருகிறது? சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் 25 சென்டிமீட்டர் நீளக் குழாயில் கல் அடைத்ததும் மேலே சிறுநீர் தேங்கி, அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. விலாவில் ஆரம்பித்து அடிவயிறு, தொடை இடுக்கு வரை சுருட்டி இழுக்கும். அடைப்பு அப்படியே நீடித்தால் அந்தப் பக்கச் சிறுநீரகம் நீர் பிரிப்பதையே குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்கும், வலியும் அடங்கும், ஆனால் கல் அங்கேயே இருக்கும். இன்னொரு சிறுநீரகம் வேலையை எடுத்துச் செய்வதால் "ஒன்னுக்கு நல்லாத்தான் போகுது" என்று தோன்றும். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் கூட ரத்தத்தில் சரியான அளவிலேயே இருக்கலாம். அதனால் வலி நின்றாலும் இன்னொரு முறை ஸ்கேன் பார்க்கச் சொல்கிறேன்.

வாழைத்தண்டு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாறோடு உள்ளே போகிற தண்ணீர் நல்லதுதான். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும், பெயர் மட்டும் சாறுக்குப் போகும். மருந்தில் நன்றாகக் கரைவது யூரிக் அமிலக் கல். நம்மிடம் அதிகம் வருகிற கால்சியம் ஆக்சலேட் கல் அப்படிக் கரையாது.

கல் எப்படி உருவாகிறது என்று கேட்பவர்களிடம் கற்கண்டைத்தான் சொல்வேன். பாகு கெட்டியானால் சர்க்கரை படிகமாகப் பிடித்துக்கொள்கிறது இல்லையா, தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியானாலும் அதே கதைதான். வெயிலில் தக்காளி பறிப்பவர், மதியம் வரை ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓட்டிவிடுகிறார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் பெண்கள், அங்கே கழிப்பறை இல்லை என்று தண்ணீரையே தொடுவதில்லை. இவர்களிடம் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு நான் சீட்டெழுதுவது எனக்கே சங்கடமாக இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். வைக்கோல் நிறம் சரி, டீ டிகாக்‌ஷன் நிறம் என்றால் போதவில்லை.

அடுத்த கேள்வி எப்போதும், போர் தண்ணீரால் கல் வருமா என்பது. நம் மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு முதலில் கெடுப்பது பல்லையும் எலும்பையும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்பு அப்படியே சிறுநீரகத்திலும் படியும் என்பது சரியில்லை. ருசி பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சாப்பாட்டில் பாலை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் ஏராளம். வேண்டாம். பாலில் உள்ள கால்சியம், சாப்பாட்டில் வந்து கல்லாகப் படிகிற ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். தக்காளி விதை பாவம், கல்லோடு அதற்குச் சம்பந்தமில்லை. கேழ்வரகுக் களியையும் பயந்து விட வேண்டாம். குறைக்க வேண்டியது ஆக்சலேட் அதிகமுள்ள பசலைக்கீரையை, அதைவிட முக்கியமாக உப்பை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் சொன்னாலே முகம் வாடிவிடுகிறது.

இறங்காத கல்லுக்கு வெளியிலிருந்து அதிர்வலை, குழாய் வழியே லேசர், பெரிய கல்லுக்கு முதுகில் சிறு துளை என வழிகள் உண்டு. எது என்பதைக் கல்லின் அளவும் இடமும் முடிவு செய்யும். சிலருக்குச் சிறுநீர் தடையில்லாமல் இறங்க, குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப் வைப்போம். அதைச் சொன்ன தேதியில் எடுத்தே ஆக வேண்டும். வேறொரு ஊரில் வைத்த டியூபோடு ஒருவர் இரண்டு வருடம் கழித்து வந்தார். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையாம். டியூபைச் சுற்றியே கல் வளர்ந்திருந்தது.

கல் வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட இடத்தில் கிருமி ஏறியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு ராத்திரியே கிளம்பி வாருங்கள்.

அப்புறம், கல் வெளியேறும் என்று சொல்லி அனுப்பினால் ஒரு பழைய டீ வடிகட்டியை ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதில் வடித்துப் பாருங்கள். கிடைத்ததைக் காயவைத்துத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவாருங்கள், என்ன கல் என்று பரிசோதித்துவிடலாம். அந்த விவசாயிக்கு லேசர் செய்து கல்லை எடுத்துவிட்டோம். இடது சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.