பிளாக்கிங் கியூ: தூங்கும் த்ரெட்டை எழுப்புவது யார்?

ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை ஓட்டம்) வேலைகளைப் போட, இன்னொன்று எடுத்து முடிக்கிறது. இரண்டின் வேகமும் ஒத்துப்போவது அபூர்வம். நடுவில் சாதாரண கியூ (வரிசை) இருந்தால், அது காலியாகும்போதெல்லாம் எடுக்கும் த்ரெட் லூப்பில் சுற்றிச் சுற்றிப் பார்த்தே ஒரு சிபியு கோரைத் தின்றுவிடும். பிளாக்கிங் கியூ, பொருள் வரும்வரை அந்த த்ரெட்டைத் தூங்க வைக்கிறது.

ஜாவாவின் அர்ரே பிளாக்கிங் கியூவுக்குள் ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை உள்ளே விடும் பூட்டு), இரண்டு கண்டிஷன்கள் (த்ரெட்டுகள் காத்திருக்கும் நிபந்தனைகள்): 'பொருள் இருக்கிறது', 'இடம் இருக்கிறது'. பொருளை எடுக்கும் டேக் (take) மெத்தடை அழைத்த த்ரெட் லாக்கைப் பிடித்து எண்ணிக்கையைப் பார்க்கும். 0 என்றால் முதல் கண்டிஷனில் காத்திருக்கும். காத்திருப்புப் பட்டியலில் சேர்வதும் லாக்கை விடுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். நடுவே இம்மி இடைவெளி இருந்தாலும், அதற்குள் மற்றொரு த்ரெட் பொருளை வைத்து, 'எழுந்திரு' என்ற சிக்னலும் கொடுத்துவிடலாம். பட்டியலில் யாரும் இல்லாததால் அந்த சிக்னல் வீண். கியூவில் பொருள் கிடக்க, இந்த த்ரெட் தூங்கப் போய்விடும்.

சொந்தமாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விழித்த பிறகுதான். எண்ணிக்கையை 'இஃப்' போட்டு ஒருமுறை பார்த்தால் போதாது, விழிக்கும்போதெல்லாம் மறுபடி பார்க்கும் 'வைல்' வேண்டும். சிக்னல் கிடைத்து லாக் கைக்கு வருவதற்குள் மூன்றாவது த்ரெட் புகுந்து பொருளை எடுத்திருக்கலாம். சிக்னலே இல்லாமல் விழிப்பதும் உண்டு.

கொள்ளளவைக் கொடுக்காமல் விடுவது இன்னொரு வம்பு. ஜாவாவின் இன்னொரு வகையான லிங்க்டு பிளாக்கிங் கியூ அப்போது 2147483647 என்று வைத்துக்கொள்ளும். பொருளைப் போடும் புட் (put) நிற்கவே நிற்காது, அதற்கு முன் நினைவகம் தீர்ந்துவிடும். பெரிய எண்ணைக் கொடுத்தாலும் தப்ப முடியாது. வினாடிக்கு 500 வந்து 400 மட்டுமே முடிந்தால், 10,000 இடங்களும் 100 வினாடியில் நிரம்பும். அதன்பின் உள்ளே வரும் ஒவ்வொன்றும் 25 வினாடி காத்துக்கிடக்கும். கியூ திடீர் நெரிசலைத்தான் தாங்கும், நிரந்தரப் பற்றாக்குறையை அல்ல. சிறிய கொள்ளளவு வைத்து, போடும் த்ரெட்டை நிற்க வைப்பதே நல்லது.

எடுக்கும் த்ரெட்டுகளை நிறுத்துவதற்கு, 'முடிந்தது' என்று பொருள்படும் தனி ஆப்ஜெக்ட் ஒன்றைப் போடுவது வழக்கம். அதற்கு நல் (null, வெற்று மதிப்பு) போட முடியாது. கியூ காலி என்று சொல்ல, காத்திருக்காமல் எடுக்கும் 'போல்' (poll) மெத்தட் அதைத்தான் திருப்பித் தருகிறது. எடுப்பவை 4 த்ரெட் என்றால் 4 போட வேண்டும், அதுவும் போடும் த்ரெட்டுகள் எல்லாம் ஓய்ந்த பிறகு. முந்திப் போட்டால், அதன் பின்னால் வந்தவற்றை எடுக்க ஆளிருக்காது.