வரைபடத்தில் விழாத 40 வினாடிகள்

கணினி வலையமைப்பைக் கண்காணிப்போர் பலருக்கும் காக்டி பழகிய மென்பொருள். 2001-இல் வெளிவந்த இது, ரௌட்டர், ஸ்விட்ச் போன்ற வலையமைப்புக் கருவிகளை எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறை வழியாக, வழக்கமாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை விசாரித்து, கிடைத்த எண்களை வரைபடமாக்கித் தரும். ஆனால் இரண்டு விசாரிப்புகளுக்கு நடுவே ஒரு போர்ட் (கருவியில் கேபிள் செருகும் இடம்) 40 வினாடிகள் செயலிழந்து மீண்டுவிட்டால், அது 5 நிமிடச் சராசரியில் கரைந்துபோகும். வரைபடம் பொய் சொல்வதில்லை. கேட்ட நேரத்துக்கு மட்டுமே பதில் சொல்கிறது.

கேட்காமலே சொல்வதற்கான ஏற்பாடு 1988-இல் வெளியான முதல் எஸ்என்எம்பியிலேயே உண்டு. அதன் பெயர் ட்ராப். விசாரணைகளும் ட்ராப்களும் யுடிபி என்ற எளிய அனுப்பு முறையில் பயணிக்கின்றன. விசாரணைகள் கருவியின் 161-ஆம் யுடிபி போர்ட்டுக்குச் செல்ல, ட்ராப்கள் கண்காணிப்புக் கணினியின் 162-ஆம் யுடிபி போர்ட்டுக்கு வருகின்றன (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் இடமல்ல, செய்தி எந்த நிரலுக்கு என்று சொல்லும் எண்). ஆகவே காக்டி போன்ற மென்பொருளில் பழுது நிகழ்வுகளையும் சேர்ப்பதென்றால், 162-இல் காத்திருக்கும் ஒரு நிரலை எழுதுவதுதான் முதல் வேலை. அது ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். கடினமான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இணைப்பு அறுந்ததைச் சொல்லும் ட்ராப் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். 1.3.6.1.6.3.1.1.5.3 என்ற அடையாள எண்ணுடன் அது மூன்று மதிப்புகளைத் தாங்கி வருகிறது: போர்ட்டின் வரிசை எண், நிர்வாகி அதை வைத்திருக்கும் நிலை, அது உண்மையில் இருக்கும் நிலை. நிலைகளில் 1 என்றால் இயக்கம், 2 என்றால் முடக்கம். இரண்டு நிலைகளுமே 2 என்றால் யாரோ வேண்டுமென்றே போர்ட்டை மூடியிருக்கிறார். முதலாவது 1 ஆகவும் அடுத்தது 2 ஆகவும் இருந்தால்தான் பழுது. இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்யாத மென்பொருள், பராமரிப்புப் பணி நடக்கும் இரவெல்லாம் பொறியாளரை எழுப்பிக்கொண்டே இருக்கும். போர்ட்டின் வரிசை எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. சில கருவிகளில் மறுதொடக்கத்துக்குப் பின் அது மாறிவிடும்.

இணைப்பான் தளர்ந்த கேபிள் ஒன்று நிமிடத்துக்குப் பலமுறை அறுந்து இணையலாம். ஒவ்வொரு ட்ராப்பையும் தனி அலாரமாகக் காட்டினால் திரை நிரம்பி, உண்மையான பழுது அடியில் புதைந்துவிடும். 1999-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்என்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது: நிகழ்வின் வகை, கருவி, போர்ட் ஆகியவற்றைக் கோத்து ஒரு திறவுகோல் அமைத்து, அதே திறவுகோலுடன் மீண்டும் வரும் நிகழ்வுக்குப் புது அலாரம் எழுப்பாமல் பழைய அலாரத்தின் எண்ணிக்கையை மட்டும் ஒன்று கூட்டுகிறது. இணைப்பு மீண்டதைச் சொல்லும் நிகழ்வு அந்தத் திறவுகோலைச் சுட்டி வந்து அலாரத்தைத் தீர்த்துவைக்கிறது. நிகழ்வு என்பது நடந்தது, அலாரம் என்பது இன்னும் கவனிக்க வேண்டியது என்ற பிரிவினைதான் இங்கே அடித்தளம்.

ஆயினும் ட்ராப்பை மட்டும் நம்புவது ஆபத்து. யுடிபியில் அனுப்பிய பாக்கெட் வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கே தெரியாது. அதனால்தான் எஸ்என்எம்பியின் இரண்டாம் பதிப்பில், பெற்றுக்கொண்டதற்குப் பதில் கேட்கும் இன்ஃபார்ம் என்ற செய்தி சேர்ந்தது. அதுகூட மின்சாரம் திடீரென நின்றுபோன ஸ்விட்சுக்கு உதவாது. (வீட்டு ஃபைபர் மோடம்கள் பலவற்றில் மின்தேக்கியில் எஞ்சிய மின்னூட்டத்தைக் கொண்டு கடைசிச் செய்தி ஒன்றை அனுப்பும் வசதி உண்டு, அதைப் பொறியாளர்கள் 'டையிங் காஸ்ப்' (கடைசி மூச்சு) என்கிறார்கள்.) எனவே பழைய விசாரிப்பு தொடரத்தான் வேண்டும். ஓப்பன்என்எம்எஸ்ஸின் இயல்பான அமைப்பில், 5 நிமிடங்களுக்கு ஒருமுறை விசாரிக்கப்படும் சேவை பதிலளிக்காவிட்டால், அடுத்த 5 நிமிடங்களுக்கு அது 30 வினாடிகளுக்கு ஒருமுறை விசாரிக்கப்படுகிறது.