உதைதான் பாதி வேலை

பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல் பீரங்கி சுட்ட பிறகு என்ன செய்தது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. 1805-இல் ஸ்பெயின் கரையருகே நடந்த ட்ரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இருந்த 'விக்டரி' கப்பலை எடுத்துக்கொள்வோம். 104 பீரங்கிகள். அடித்தளத்தில் இருந்தவை 32 பவுண்டு, அதாவது 14.5 கிலோ குண்டை எறிபவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,800 கிலோ.

வெடிமருந்தையும் குண்டையும் பீரங்கியின் வாய் வழியாகத்தான் திணிக்க வேண்டும். வாயோ கப்பலின் பக்கச் சுவரைத் தாண்டிக் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்தப் பாரத்தை உள்ளே இழுப்பது யார்? சுடும்போது பின்னால் தள்ளும் உதையில் பீரங்கியே வந்துவிடும்.

குண்டு நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைவிட ஏறத்தாழ 200 மடங்கு கனமான பீரங்கி, நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வந்தாக வேண்டும். வெடித்த வாயுவின் உதை இதைச் சற்றுக் கூட்டும், பீரங்கியைச் சுமக்கும் சக்கர மரவண்டியின் எடை சற்றுக் குறைக்கும். காலையில் மெல்ல ஓடுகிறவரின் வேகம்தான் இது. ஓடி வருவது மட்டும் மூன்று டன் பாரம். பின்னால் நின்றவன் கதி அதோகதி.

அதைப் பிடித்து நிறுத்தியது ஒரு தடித்த வடம். பீரங்கியின் பின்பக்கத்தைச் சுற்றி, இரு நுனிகளும் கப்பல் சுவர் வளையங்களில் கட்டப்பட்டிருக்கும். வாய் உள்ளே வந்து, குண்டு போட இடம் கிடைக்கும் அளவுக்கே அதற்கு நீளம். பிறகு ஈரத் துடைப்பானால் குழலைத் துடைப்பார்கள். உள்ளே ஒரு தீப்பொறி மிஞ்சியிருந்தாலும் அடுத்த மருந்துப் பை திணிப்பவன் கையோடு வெடிக்கும். துணிப் பையில் மருந்து, குண்டு, அது உருளாமலிருக்க அடைப்பு. கடைசியில் கப்பிக் கயிறுகளால் பீரங்கியை மீண்டும் வெளியே தள்ளுவார்கள். ஆட்களின் முதுகு ஒடிவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆக, உதை வேண்டும். தாங்க எடையும் வேண்டும். இந்தக் கணக்கை மாற்றிப் பார்த்தது ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலை. 1770-களில் அது வார்த்த 'கேரனேடு' குட்டையானது. வழக்கமான பீரங்கியில் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியே வாயு வீணாகக் கசியும்; கேரனேடில் அந்த இடைவெளியைக் குறைத்தார்கள். மருந்தையும் வெகுவாகக் குறைத்தார்கள். உதை தணிந்ததால் அதே 32 பவுண்டு குண்டை எறிய 900 கிலோவுக்கும் குறைவான இரும்பு போதுமானது. சக்கரங்களுக்குப் பதில் சறுக்குப் பலகை. ஆட்களும் குறைவு.

ஆனால் வேகம் குறைந்தால் தூரமும் குறையும். அமெரிக்கக் கப்பல் 'எசெக்ஸ்' ஏறக்குறைய முழுக்க கேரனேடுகளையே சுமந்தது. அதன் தலைவர் டேவிட் போர்ட்டர் இதை முன்பே ஆட்சேபித்திருந்தார். 1814 மார்ச்சில், சிலியின் வால்பரைசோ அருகே, பிரிட்டனின் 'ஃபீபி' எட்டவே நின்று நீளப் பீரங்கிகளால் சுட்டது. 'எசெக்ஸ்' திருப்பிச் சுட்ட குண்டுகளில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன.