மீன் வண்டி எங்கே நிற்கும்? இராமநாதபுரம் கடற்கரையில் சரக்குப் பாதை வகுப்பது பற்றி

சில ஆண்டுகளுக்கு முன்பு, இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் ஒரு சாலையை அகலப்படுத்துவதற்காகத் தயாரிக்கப்பட்ட போக்குவரத்து அறிக்கையைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. ஏழு நாள்கள் இரவு பகலாக ஆள் நிறுத்தி வண்டிகளை எண்ணியிருந்தார்கள், கூட்டலிலும் பிழையில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் மீன் வண்டிகள் பெயருக்குத்தான் இருந்தன. மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ ஒரு முறையாவது விடியற்காலையில் போய்வந்தவர் அதை நம்பமாட்டார். முதல் பக்கத்துக்குத் திரும்பித் தேதியைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. கணக்கெடுப்பு மே மாதத்தில் நடந்திருந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் ஐஸ் கொண்டுவரும் வண்டிகளும், மீன் ஏற்றிப் போகும் இன்சுலேட்டட் வண்டிகளும், தீவன ஆலைகளுக்குச் சங்காயம் எனப்படும் கழிவு மீனை எடுத்துச் செல்லும் லாரிகளும் வெகுவாகக் குறைந்துவிடும். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதலோ, வண்டிக் கணக்கெடுப்பை ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 7 நாள்கள், ஒன்றை அறுவடை மும்முரத்திலும் மற்றொன்றை மந்தமான காலத்திலும் எடுக்கச் சொல்கிறது. அறுவடை என்றதும் நம் கண்முன் வயல்தான் வருகிறது. இந்தக் கரையில் கடலும் ஒரு விளைநிலம் என்பதையும், படகுகள் முறைநாள் வைத்துப் போய்வருவதால் கரை திரும்பும் நாளின் காலைக்கும் மறுநாள் காலைக்கும் சாலையில் பெரும் வேறுபாடு இருக்கும் என்பதையும், இறங்குதளத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்திருந்தாலே அறிந்திருக்கலாம். அந்தக் கணக்கெடுப்பைத் தடைக்காலம் முடிந்தபின் மறுபடியும் எடுக்கச் சொல்லி எழுதினேன். காலதாமதம் என்று எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

சரக்குப் போக்குவரத்தைத் தனியாகத் திட்டமிடும் பழக்கம் நமக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டின் ஃபாஸ்ட் சட்டம் நகர்ப்புறங்களில் முக்கியமான சரக்கு வழித்தடங்களைத் தனியே குறித்துவைக்க வழிசெய்தது. அங்கே ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) நிர்வாகம் லாரிப் பாதை வகுக்கும்போது எந்தத் தெருவில் எந்த எடையுள்ள வண்டி போகலாம், எங்கே சரக்கு இறக்கலாம் என்பது வரை வரைபடத்தில் காட்டுவது வழக்கமான வேலை. நம் நாட்டில் 2022 செப்டம்பரில் தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கை வந்தது. கொள்கை டெல்லியில் இருக்கிறது; லாரி உச்சிப்புளியில் சாலையோரம் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாவட்ட அளவிலும் நகராட்சி அளவிலும் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இராமேசுவரம் தீவை எடுத்துக்கொள்வோம். 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி பாலம் ஏறத்தாழ 2.34 கிலோமீட்டர் நீளமும் இருவழிப் பாதையும் கொண்டது. இராமேசுவரத்துக்குச் சாலை வழியாகப் போக அது ஒன்றே வழி. பக்கத்திலுள்ள பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்று, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்படும் வரை, பக்தர், சுற்றுலாப் பயணி, அரிசி, சிமெண்ட், காய்கறி, மீன் எல்லாமே அந்த இருவழிப் பாதையில்தான் போய்வந்தன. வேறு ஊராக இருந்தால் புறவழிச்சாலை கேட்கலாம், மாற்றுப்பாதை காட்டலாம். இங்கே அதற்கு இடமில்லாததால் வண்டிகளை நேரத்தால்தான் பிரிக்க முடியும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முந்தைய இரவிலேயே சிமெண்டும் கம்பியும் ஏற்றிய லாரிகளை மண்டபத்துக்கு மேற்கே நிறுத்திவிட்டு, கெட்டுப்போகும் சரக்கை மட்டும் விடுவது ஒரு முறை. கட்டுமானப் பொருள் ஒரு நாள் காத்திருந்தால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. ஐஸ் உருகத் தொடங்கிய நண்டுப் பெட்டியின் விலையோ மணிக்கு மணி இறங்கும். எல்லா லாரியையும் ‘கனரக வாகனம்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடும் அறிவிப்புகள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

பாலத்தைப் பற்றிப் பேசும்போது காற்றையும் சொல்லியாக வேண்டும். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. சாலைப் பாலத்தைக் கடப்பவர்களுக்கு அந்த அளவு எச்சரிக்கை உணர்வு இல்லை. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப்படி உயர்வதால், 40 கிலோமீட்டர் வேகக் காற்று 60 ஆகும்போது வண்டியின் பக்கவாட்டில் விழும் தள்ளுவிசை 2.25 மடங்காகிறது. பாரம் ஏற்றிய லாரியைவிட, மீனை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் உயரமான பெட்டி வண்டிக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஓட்டுநர்கள் இதைக் கையில் உணர்ந்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர்களுக்குத்தான் தெரியாது. இதற்கு நடுவே, கடலையும் ரயிலையும் பார்ப்பதற்காகப் பாலத்தின் மேலேயே காரை நிறுத்திவிட்டுப் படமெடுப்பவர்களால் ஒரு பக்கப் பாதை அடைபட்டு, இரு திசை வண்டிகளும் மிச்சமுள்ள ஒரே பாதையில் முட்டிக்கொள்வதைப் பார்க்காத ஓட்டுநர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது.

நேரக் கட்டுப்பாடு என்றால் பலகை வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த பிழை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு கருதி ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த வழியில், கடற்கரை ஊர் ஒன்றில் காலையும் மாலையும் லாரிகள் நுழையக் கூடாது என்று பலகை வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான், பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் நேரம். ஆனால் உள்ளே போக முடியாத லாரிகள் எங்கே நிற்கும் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. அவை பலகைக்கு முன்னாலேயே சாலையோரத்தில் வரிசையாக நின்றன. ஓரமாக நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் அந்த வரிசையைச் சுற்றிக்கொண்டு சாலையின் நடுப்பகுதிக்கு வந்தார்கள். எந்த ஆபத்துக்காகத் தடை வந்ததோ அதே ஆபத்து அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டது. நான் அங்கே ஒரு வாரம் நின்று பார்த்தேன். சிக்கலைத் தீர்க்கக் கோடிக்கணக்கில் செலவு தேவைப்படவில்லை. ஊருக்கு வெளியே கிராவல் பரப்பிய ஓரிடம், இரண்டு விளக்குகள், குடிநீர், ஒரு கழிப்பறை இருந்தால் போதும். அதற்கான நிலத்தைக் காட்டுவதற்குத்தான் யாரும் முன்வரவில்லை.

இரவில் இதே சிக்கல் உயிரைக் குடிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரையில், தூக்கம் தாங்காத ஓட்டுநர் ஒதுங்கி நிற்கத் தகுந்த, வெளிச்சமுள்ள இடங்கள் அரிது. ஓரத்தில் நிறுத்துகிறார், வண்டியின் பாதி தார்ச்சாலையின் மேலேயே இருக்கிறது. பின்புறத்தில் ஒளிர்பட்டை தூசியில் மறைந்திருக்கும். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு, எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் அது தெரிவதே இல்லை. ஆபத்து விளைவிக்கும் நிலையில் வண்டியை நிறுத்துவது 122ஆம் பிரிவின்படி குற்றம் என்று ஓட்டுநரை மட்டும் கடிந்துகொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நிற்க இடம் தராத சாலையில் அவர் எங்கேதான் நிற்பார்?

அடுத்தது எடை. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் இருக்கின்றன; திருப்பாலைக்குடி, உப்பூர்ப் பக்கம் தனியார் பாத்திகளும் உண்டு. உப்பு கனமான சரக்கு. லாரியின் தொட்டி நிரம்பும் முன்பே எடை வரம்பு நிரம்பிவிடும். அது பெரிய சாலையை அடைவதற்கு முன் கடக்க வேண்டிய கிராமச் சாலைகள், இரண்டொரு பேருந்துகளையும் டிராக்டர்களையும் மனத்தில் வைத்துப் போடப்பட்டவை.

இங்கே ஒரு கணக்கைப் பொதுமக்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் லாரிகளை மீண்டும் மீண்டும் ஓட்டிச் செய்த சாலைச் சோதனையிலிருந்து, அச்சின் (இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டின்) பாரம் கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ நான்காம் மடிப்படி உயர்கிறது என்பது தெரியவந்தது. நம் நாட்டுச் சாலை வடிவமைப்பிலும் அதே விதிதான் கையாளப்படுகிறது. அதாவது, பாரம் 20 சதவீதம் கூடினால் சேதம் இருமடங்கு. 30 சதவீதம் கூடினால் ஏறத்தாழ மூன்று மடங்கு. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றைப் பின்னச்சுக்கான வரம்பை 2018 ஜூலையில் மத்திய அரசு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சேதத்தை ஒப்பிட வடிவமைப்பில் அளவுகோலாக வைக்கும் ‘நிலையான அச்சு’ 8.16 டன் என்று கொண்டால், பழைய வரம்பில் ஓடிய ஓர் அச்சு சுமார் இரண்டரை நிலையான அச்சுகளுக்குச் சமம். புதிய வரம்பில் அது நான்கை நெருங்குகிறது. சட்டப்படி ஓடும் வண்டிக்கே இந்த நிலை. வரம்பை மீறி 15 டன் ஏற்றினால் பதினொன்றைத் தாண்டிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கரிசல் மண் ஊறிக் கிடக்கும்போது இது நடந்தால், புதிதாகப் போட்ட சாலை தை மாதத்துக்குள் குழியாகிவிடும். பிறகு ஒப்பந்தக்காரர் தாரைத் திருடிவிட்டார் என்று ஊரில் பேச்சு வரும். சில இடங்களில் அதுவும் உண்மையாக இருக்கலாம், ஆனால் எல்லாக் குழிக்கும் அதுவே காரணமல்ல.

அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அபராதம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் வண்டியை மறித்துத்தான் விதிக்கப்படுகிறது. அதற்குள் கிராமச் சாலை நசுங்கிவிட்டது. எடைமேடை உப்பளத்தின் வாசலில், பாரம் ஏறும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே கூடுதல் மூட்டைகளை இறக்கிவைப்பது லோடுமேன்களுக்குப் பத்து நிமிட வேலை.

கரி இதற்கு நேர்மாறு. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி வட்டாரங்களில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி எடை குறைவு, இடம் அதிகம். மூட்டைகளை உயர அடுக்கித் தார்ப்பாய் கட்டும்போது தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் வளைவில் சாய்வதும்தான் கவலை. விறகு ஏற்றும் வண்டிகளில் கிளைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். லாரியின் அகலத்துக்குச் சட்டம் வைத்த 2.6 மீட்டர் வரம்பு அங்கே ஏட்டோடு சரி. ஆகவே உப்புப் பாதைக்குத் தேவை தடிமனான சாலை. கரிப் பாதைக்குத் தேவை உயரமான கம்பியும் அகலமான வளைவும். மாசி, பங்குனியில் மிளகாய் மூட்டைகள் பரமக்குடி, விருதுநகர்ச் சந்தைகளுக்குப் போகும்போது சில வாரங்கள் நெரிசல் கூடும். அது தானாகவே தணிந்துவிடும்.

மீன் வண்டிகளால் வரும் தொல்லை எடையோ உயரமோ அல்ல, ஒழுகும் நீர். ஐஸ் உருகிய நீரை வழியெங்கும் வடியவிட்டுப் போகும் வண்டிக்குப் பின்னால் இருசக்கர வண்டியில் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொழுப்பும் செதிலும் கலந்த அந்த நீரால் வளைவில் சக்கரம் வழுக்கும். நாற்றம் குடியிருப்புகளில் தங்கும். தார்ப்பரப்பில் நீர் தங்கிக்கொண்டே இருந்தால் ஜல்லியும் தாரும் பிரியும். வண்டியின் அடியில் நீர் சேகரிக்கும் தொட்டியைப் பொருத்துவதும், இறங்குதளத்திலேயே அதைக் கொட்டிக் கழுவ வடிகால் வசதி செய்வதும் சாலைத் திட்டத்தின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, அது மீன்வளத் துறையின் வேலை என்றார் ஒருவர். சுகாதாரப் பிரிவின் வேலை என்றார் மற்றொருவர்.

கீழக்கரை போன்ற பழைய ஊர்களின் சந்துகளுக்குள் பத்துச் சக்கர லாரியைக் கொண்டுபோவதே தவறு. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட உள்வாங்கிச் செல்லும். முனையில் இருக்கும் திண்ணையும் மின்கம்பமும் அடிபடுவது ஓட்டுநரின் கவனக்குறைவால் மட்டுமல்ல. ஊர் எல்லையில் சரக்கை இறக்கிக் குட்டியானையில் மாற்றிக் கொண்டுபோவது வியாபாரிகள் ஏற்கெனவே கண்டுபிடித்த வழி. அதற்கு ஒரு கூரையும் தளமும் அமைத்துக் கொடுத்தால் போதும்.

பரமக்குடி–இராமநாதபுரம் இடையே 46.7 கிலோமீட்டர் தூரத்தை நான்குவழிச் சாலையாக்க 1,853 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை ஏற்கெனவே நான்குவழி இருப்பதால், இது முடிந்ததும் லாரிகள் இராமநாதபுரத்தை விரைவாக வந்தடையும். அதற்குக் கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாலம் எல்லாம் இருவழியாகவே இருந்தால், இப்போது வழிநெடுகச் சிதறிக் காத்திருக்கும் வண்டிகள் அப்போது ஓரிடத்தில் வந்து குவியும். அந்த இடம் பட்டணம்காத்தானுக்கு அருகில் அமையும் என்பது என் கணிப்பு. லாரி நிறுத்தத்துக்கான நிலத்தை இப்போதே ஒதுக்கினால் விலை குறைவு. சாலை திறந்தபின் அங்கே மனைப்பிரிவுக் கொடி ஏறியிருக்கும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. மீன் வியாபாரிகள், லாரி உரிமையாளர்கள், ஊராட்சியினர் அதற்கு மனு அனுப்பலாம். ‘லாரிகளால் தொல்லை’ என்று ஒற்றை வரியில் எழுதாமல், எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன சரக்கு, எந்த முனையில், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து இணைத்தால், மேசைக்கு எதிர்ப்புறம் இருக்கும் என்னைப் போன்றவர்களால் அதைத் தள்ளிவைக்க முடியாது. வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தடைக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.